பிள்ளைகளுக்கு ‘பிராஜெக்ட்’ கொடுப்பது எப்படி? – ஒரு பள்ளி நூலகரின் அனுபவம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, “எனக்கு இலக்கியம், ஆராய்ச்சி எல்லாம் தெரியாது சார், நான் வெறும் லைப்ரரியன்” என்றேன். “அப்போ அதையே எழுதுங்கம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். எனவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். பெங்களூர்ப் பள்ளிகளில் முப்பது வருஷம் நூலகராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் ஒரு பள்ளிக்குப் போய்வருகிறேன். இத்தனை வருஷத்தில் நான் அதிகம் பார்த்ததும், அதிகம் வருத்தப்பட்டதும் ‘பிராஜெக்ட்’ என்ற ஒன்றைப் பற்றித்தான்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் காட்சி புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. “அம்மா, நாளைக்கு பிராஜெக்ட் சப்மிட் பண்ணணும்” என்று குரல் வரும். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். சார்ட் பேப்பர், தெர்மகோல், ஸ்கெட்ச் பேனா வாங்கவேண்டும். தெருமுனைக் கடையில் தலைப்பைச் சொன்னால் போதும், பத்துப் பக்கம் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பையன் தூங்கிவிடுவான். காலையில் அட்டையில் தன் பெயரை எழுதுவான். அவன் செய்த வேலை அது ஒன்றுதான்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. கடையில் வாங்கக்கூடிய ஒரு வேலையை நாம் கொடுத்தோம், அவர்கள் வாங்கினார்கள். குறை, வேலையைக் கொடுத்த விதத்தில் இருக்கிறது. இது எனக்குப் புரிய ஒரு சிறுமியின் மதிப்பெண்ணைக் கெடுக்க வேண்டியிருந்தது.

நான் செய்த பிழை

2003ஆம் வருஷம் என்று நினைவு. எட்டாம் வகுப்புக்கு ‘தண்ணீர்’ என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். ஆசிரியை விடுப்பில் போனதால் மதிப்பெண் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரும்பாலான ஃபைல்களில் அதே நான்கு பத்திகள், அதே நீர்ச்சுழற்சிப் படம். ஒன்றில், ‘இந்தப் பக்கத்தை அச்சிட இங்கே சொடுக்கவும்’ என்ற ஆங்கில வரிகூட அப்படியே பக்கத்தின் அடியில் இருந்தது. அச்சு பளபளப்பாக இருந்ததால் அதற்கு 10க்கு 9 போட்டேன்.

நடுவில் கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதிய ஒன்று வந்தது. அல்சூர்ப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்த பெண். அவள் அம்மா நாலு வீட்டில் வேலை செய்பவர். தன் பாட்டியையும், பக்கத்து மூன்று வீட்டுப் பெரியவர்களையும் கேட்டு எழுதியிருந்தாள். முன்பு சந்தின் கோடியில் கிணறு இருந்தது, அது எப்போது மூடப்பட்டது, தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், குடத்தை யார் வரிசையில் வைப்பது, எதற்குச் சண்டை வரும் என்றெல்லாம் இருந்தது. கிணறு இருந்த இடத்தைக் காட்ட ஒரு கோணல் வரைபடம் வேறு. ‘படம் இல்லை, சுத்தம் இல்லை, ரெஃபரன்ஸ் இல்லை’ என்று எழுதி 4 போட்டேன்.

மறுநாள் நூலகத்துக்கு வந்து நின்றாள். “மிஸ், புக்ல இல்லாதது எல்லாம் ராங்கா?” என்று கேட்டாள். “ரெஃபரன்ஸ் போடலையேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த பருவத்தில் அவளிடமிருந்தும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஃபைல் வந்தது. அம்மாவிடம் நாற்பது ரூபாய் வாங்கிக் கடையில் எடுத்தாளாம். இந்தத் தடவை ஆசிரியை 8 போட்டார்கள். அந்த ஃபைலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வகுப்பில் ஆராய்ச்சி செய்த ஒரே குழந்தைக்கு, ‘ஆராய்ச்சி செய்யாதே, வாங்கிக்கொள்’ என்று நாங்கள் பாடம் நடத்தியிருக்கிறோம். அவளும் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நூலகவியலில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

தகவல் எழுத்தறிவு

எழுதப் படிக்கத் தெரிவது எழுத்தறிவு. எனக்கு என்ன தகவல் தேவை, அது எங்கே கிடைக்கும், கிடைத்ததை நம்பலாமா, அதை எப்படி நேர்மையாகப் பயன்படுத்துவது என்று தெரிவதைத் ‘தகவல் எழுத்தறிவு’ என்கிறார்கள். இன்பர்மேஷன் லிட்டரசி என்ற இந்தச் சொல்லை 1974இல் அமெரிக்காவில் பால் ஸுர்கோவ்ஸ்கி என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்நாட்டுக் கல்லூரி நூலகர் சங்கம் 2000இல் இதற்கு வரையறைகள் வகுத்தது. பிறகு 2015இல் அதை வேறு விதமாக மாற்றி அமைத்தது.

கரோல் குல்தாவ் என்ற அம்மையார் 1980களில் பள்ளி மாணவர்களைக் கூடவே இருந்து கவனித்துச் சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் உதவியது. தேட ஆரம்பித்தவுடன் குழப்பம் குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் முதலில் குழப்பம் கூடுகிறது. நாலு புத்தகம் நாலு விதமாகச் சொல்லும். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற பயம் வரும். தன் கேள்வி இன்னது என்று பிடிபட்ட பிறகுதான் தெளிவு வரும். அந்தக் குழப்பமான நாட்களில் கூட நிற்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? கடைக்குத்தான் போகும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்காரர்களைத்தான் சொல்லவேண்டும் என்றில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்காகவே, பூட்டி வைக்க அல்ல என்பது முதல் விதியின் சாரம். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது நான்காவது. அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1972இல் மறைந்தது நம் பெங்களூரில்தான். 1962இல் அவர் இங்கே தொடங்கிய ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இன்றும் நடக்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அவரும் ஒரு வகையில் முன்னோடி.

இனி, நான் கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

‘தண்ணீர்’ என்பது தலைப்பு. அதைத் தட்டினால் ஆயிரம் பக்கம் வரும், எதையும் வெட்டி ஒட்டலாம். ‘உங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது? அதற்கு முன் எங்கிருந்து எடுத்தார்கள்? இப்போது வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்பது கேள்வி. இதற்கு விடை முழுசாக எந்தக் கடையிலும் இல்லை, எந்த ஒரு பக்கத்திலும் இல்லை. பாதி புத்தகத்தில், பாதி பாட்டியிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற வேலையைப் பிள்ளைதான் செய்தாக வேண்டும்.

மற்ற பாடங்களிலும் இதே மாதிரி மாற்றலாம். ‘சுற்றுச்சூழல் மாசு’ என்பதற்குப் பதிலாக, ‘காலை 8 மணிக்கு நம் பள்ளி வாசலில் அரை மணி நேரத்தில் எத்தனை வண்டி நிற்கிறது? அதைக் குறைக்க மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள்? முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுது’ என்று கேட்கலாம். ‘சுதந்திரப் போராட்டம்’ என்பதற்குப் பதிலாக, ‘1857ஐ ஒரு புத்தகம் சிப்பாய்க் கலகம் என்கிறது, இன்னொன்று முதல் சுதந்திரப் போர் என்கிறது. இரண்டையும் யார், எப்போது எழுதினார்கள்? ஏன் இந்த வித்தியாசம்?’ என்று கேட்கலாம். யாருக்காக எழுதுகிறோம் என்று சொல்லிவிடுவதும் முக்கியம். முதல்வருக்குக் கடிதம் என்றால் பத்துப் பக்கம் ஒட்ட மாட்டார்கள்.

முதலில் நாமே செய்து பார்க்கவேண்டும்

இதிலும் எனக்கு ஒரு சூடு உண்டு. உற்சாகத்தில் ‘நூலகப் புதையல் வேட்டை’ என்று இருபது கேள்வி தயாரித்தேன். விடைகள் பெரும்பாலும் ஒரே கலைக்களஞ்சியத்தில், ஒரே தொகுதியில் இருந்தன. நாற்பத்து நாலு பிள்ளைகள், ஒரு புத்தகம். முதல் நாள் தள்ளுமுள்ளு. இரண்டாம் நாள் அந்தப் பக்கத்தையே யாரோ பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொன்ன ரங்கநாதனை நினைத்து வெட்கப்பட்டேன். அதோடு, அந்த இருபது விடைகளைக் கண்டுபிடித்து ஒரு பிள்ளைக்கு ஆகப்போவது என்ன? அது தேடலே தவிர ஆராய்ச்சி அல்ல.

அன்றிலிருந்து, எந்த வேலையையும் கொடுப்பதற்கு முன் நானே உட்கார்ந்து செய்துபார்ப்பேன். எத்தனை மணி நேரம் ஆகிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி எத்தனை புத்தகம் இருக்கிறது, எல்லோருக்கும் போதுமா என்று பார்ப்பேன். தேவைப்படும் புத்தகங்களைத் தனி அலமாரியில் எடுத்து வைத்து, ‘இங்கேயே படிக்க மட்டும்’ என்று எழுதி ஒட்டுவேன். ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட ஒன்று இதுதான். “தலைப்பு கொடுக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம்.” சொன்னவர்களின் வகுப்பில் வேலை நன்றாக நடந்தது.

ஐந்து வாரம், ஐந்து படி

ஒரே தேதியில் ஒரே ஃபைல் என்று கேட்டால் ஞாயிறு இரவுதான் வேலை நடக்கும். வேலையைத் துண்டு போட்டு வாரத்துக்கு ஒன்றாக வாங்கவேண்டும். தண்ணீர்க் கேள்வியையே நாங்கள் பிற்பாடு இப்படி நடத்தினோம்.

முதல் வாரம், கேள்வி. எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று அரைப் பக்கம். ஒவ்வொருவரும் தன் தெருவுக்குத் தகுந்த மாதிரி கேள்வியைச் சுருக்கிக்கொள்ளவேண்டும்.

இரண்டாம் வாரம், ஆதாரங்களின் பட்டியல். ஒரு புத்தகம், ஒரு செய்தித்தாள், ஒரு வரைபடம், ஒரு மனிதர் என்று நான்கு வகையிலும் ஒன்றாவது இருக்கவேண்டும். எங்கே கிடைத்தது, ஏன் இதை எடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

மூன்றாம் வாரம், குறிப்பு அட்டைகள். நான்காம் வாரம், கரட்டு நகல். பக்கத்து நண்பன் படித்து ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மூன்று இடத்தில் கேட்கவேண்டும். ஐந்தாம் வாரம், இறுதி நகல். நாலு பக்கத்துக்கு மேல் கூடாது, கையெழுத்தில்தான், கலர் பிரிண்ட் கிடையாது. பாதி வேலை பள்ளி நேரத்தில், நூலகத்திலேயே நடக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவனுக்கும் இல்லாதவளுக்கும் ஒரே தராசு வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி.

இப்படிச் செய்தபோது பிள்ளைகள் கண்டுபிடித்தவை எனக்கே புதிது. 1890களில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் மூலம் தண்ணீர் வந்தது. பிறகு 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை. 1974இல்தான் காவிரி வந்தது. இன்று நாம் குடிக்கிற காவிரி, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்ப் செய்து ஏற்றப்படுகிறது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024இல் தொடங்கியது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி என்று தெரிந்தபோது ஒரு பையன் கேட்டான். “அப்போ ஏரியை மூடிட்டு, நூறு கிலோமீட்டர் தூரத்துலேர்ந்து தண்ணி கொண்டு வர்றோமா மிஸ்?” இந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆசிரியரின் வேலை முக்கால்வாசி முடிந்தது. அந்தப் பழைய திவானின் பெயரில்தான் கப்பன் பூங்காவின் சிவப்பு நூலகக் கட்டடம் இருக்கிறது என்பதும் அவர்களே கண்டுபிடித்ததுதான்.

தேடும் சொல்லைக் கற்றுக்கொடுக்கவேண்டும்

“ஒண்ணுமே கிடைக்கலை மிஸ்” என்று வருகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, “என்ன வார்த்தை போட்டுத் தேடினே?” என்பதுதான். நம் ஊரில் இது பெரிய விஷயம். அல்சூர் என்கிறோம். ஆங்கிலத்தில் உல்சூர், கன்னடத்தில் ஹலசூரு. பெங்களூர் 2014இல்தான் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனது. ஆகவே பழைய ஆவணத்தைப் புதுப் பெயரில் தேடினால் கிடைக்காது. ஏரி, குளம், டேங்க், லேக், கெரெ எல்லாம் ஒன்றையே குறிக்கலாம். எனவே தேட உட்காருவதற்கு முன் ஒரு தாளில் வார்த்தைப் பட்டியல் எழுதச் சொல்வேன். அதே பொருளில் வேறு சொல், இதைவிடப் பெரிய சொல், இதைவிடச் சின்னச் சொல், பழைய பெயர், மற்ற மொழிப் பெயர் என்று.

இரண்டு மூன்று பாஷை புழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளை மூன்று கதவைத் தட்டலாம். நம் பிள்ளைகளுக்கு இது பலம் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும் சொல்லடைவைப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கவேண்டும். முன்னூறு பக்கப் புத்தகத்தை முழுசாகப் படிக்கவேண்டுமோ என்று பயந்து ஓடுகிற பிள்ளைக்கு, பின்பக்கம் புரட்டி ‘ஹெசரகட்டா, 112’ என்று காட்டினால் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

நம்பலாமா?

பெங்களூருக்குப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஹொய்சள மன்னர் வீர பல்லாளர் வேட்டையில் வழி தவறி வந்தபோது ஒரு கிழவி வேகவைத்த அவரை கொடுத்தாள், ‘பெந்த காளூரு’ பெங்களூரு ஆனது. இணையத்தில் தேடினால் பத்துப் பக்கம் இதையே சொல்லும். பத்துப் பேர் சொல்வதால் அது பத்து ஆதாரம் ஆகாது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான்.

ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஒரு வீரக்கல் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது. பெங்களூரில் நடந்த ஒரு சண்டையை அது குறிப்பிடுகிறது. வீர பல்லாளர் வந்ததோ சுமார் 300 வருஷம் கழித்து. அப்படியானால் கதை நடக்குமுன்னே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. இதைக் கரும்பலகையில் இரண்டு வருஷங்களாக எழுதிப் போட்டால் போதும், கணக்குப் போட்டுப் பிள்ளைகளே விடை சொல்லிவிடுகிறார்கள். கதையைத் தூக்கி எறியவேண்டியதில்லை. ‘ஊரில் இப்படி ஒரு கதை வழங்குகிறது’ என்று எழுதலாம், ‘இப்படித்தான் நடந்தது’ என்று எழுதக்கூடாது. இந்த வித்தியாசம் ஒரு பிள்ளைக்குப் புரிந்தால் அதுவே தகவல் எழுத்தறிவு.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1247ஐச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைப் பற்றிச் சொல்கிறது. ஊர்ப் பெயரும் ஏரியும் ஒரே கல்லில்! எழுத்து பழசு, நம்மால் படிக்க முடியாது. அதற்குத்தான் எபிகிராஃபியா கர்னாடிகா தொகுதிகள். கல்லைப் பார்ப்பது ஒரு படி, அதைப் படித்தவர் அச்சிட்டதைப் பார்ப்பது இன்னொரு படி, அதை வைத்து யாரோ எழுதிய கட்டுரை மூன்றாம் படி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

நான் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுக்கும் கேள்விகள் நான்கு. யார் சொல்கிறார்? எப்போது சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதைச் சொல்வதால் அவருக்கு ஏதாவது லாபமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஒன்று கண்டார்கள். தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஓர் இணையப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்காருவதில்லை. உடனே வெளியே வந்து, இந்தப் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். படித்த பேராசிரியர்கள்கூட அந்தப் பக்கத்தின் அழகிலேயே மயங்கி நின்றார்கள். சம்பந்தம் பேசும்போது நாம் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை வீட்டில் போய் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதில்லை, அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்கிறோம். அதே புத்திதான் இதற்கும் வேண்டும்.

காப்பி அடிப்பது

“காப்பி அடிக்காதே” என்று மிரட்டுகிறோமே தவிர, அடிக்காமல் எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் செய்வது இது. ஒரு பத்தியைப் படி, புத்தகத்தை மூடு, பக்கத்தில் இருப்பவனுக்கு உன் வார்த்தையில் சொல், சொன்னதை அட்டையில் எழுது, பிறகு திறந்து சரிபார். அட்டையின் மூலையில் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். ஒரு அட்டையில் ஒரு செய்தி மட்டும்.

மூலத்தை ஏன் குறிக்கவேண்டும் என்பதையும் பயமுறுத்தாமல் சொல்லவேண்டும். உனக்கு அப்புறம் வருகிறவன் அதே இடத்துக்குப் போய்ப் பார்க்க நீ வைக்கிற வழிகாட்டிப் பலகை அது. பாட்டி சொன்னதற்கும் அதே மரியாதை உண்டு. பெயர், வயது, எந்தத் தெருவில் எத்தனை வருஷம், நீ கேட்ட தேதி. இதுவும் ரெஃபரன்ஸ்தான். 2003இல் இதை நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மதிப்பெண்

எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். அட்டைக்குப் போட்டால் அட்டை பளபளக்கும். 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளி அறிவை வெளி வாழ்க்கையோடு சேர்க்கவேண்டும் என்று சொன்னது. சி.பி.எஸ்.இ. 2009இல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நான் பார்த்த வரையில் ஃபைல்களின் எண்ணிக்கைதான் கூடியது, கடைகளுக்கு நல்ல வியாபாரம். 2017இல் அந்த முறையும் போனது.

நாங்கள் 25 மதிப்பெண்ணை இப்படிப் பிரித்தோம். கேள்விக்கு 4, ஆதாரப் பட்டியலுக்கு 5, குறிப்பு அட்டைகளுக்கு 5, இறுதிக் கட்டுரைக்கு 7, ‘நான் எங்கே தடுமாறினேன், எதை மாற்றிக்கொண்டேன்’ என்ற அரைப் பக்கத்துக்கு 4. வேலையைக் கொடுக்கும் நாளிலேயே இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிடுவோம். அந்த அரைப் பக்கத்தில்தான் உண்மை தெரியும். கடையில் வாங்கியவனுக்குத் தடுமாறிய கதை இருக்காது. ஆசிரியருக்கு வேலை கூடவில்லையா என்று கேட்பார்கள். கூடுகிறது. அதனால் வருஷத்துக்கு ஆறு பிராஜெக்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று கொடுங்கள் என்பேன். உருப்படியாகச் செய்த ஒன்று போதும்.

இயந்திரம் எழுதித் தரும் காலம்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவேண்டியதில்லை. “இனிமே பிராஜெக்டே வேஸ்ட் மேடம்” என்றார் ஒரு இளம் ஆசிரியர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைப்பு கொடுத்தால் இயந்திரம் எழுதும். அல்சூர்ச் சந்தில் கிணறு எப்போது மூடினார்கள் என்று அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் தெரிந்த மாதிரி எழுதிவிடும் என்பதுதான் ஆபத்து. இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரும் வருஷமும் கொடுப்பதை நானே பார்த்தேன். அந்தப் புத்தகத்தைத் தேடி ஒரு பிள்ளை இரண்டு நாள் என் நூலகத்தில் அலைந்தது.

எனவே அதையே இப்போது பயிற்சியாக்கிவிட்டேன். இயந்திரம் எழுதிய ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘சரி – இந்தப் புத்தகம், இந்தப் பக்கம்’, ‘தவறு’, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று மூன்றில் ஒன்றை எழுதவேண்டும். மூன்றாவதை எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிச்சல் வந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும்

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இரவு நீங்கள் உட்கார்ந்து செய்து கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக “உன் கேள்வி என்ன?” என்று கேளுங்கள். கேள்வியே இல்லாமல் தலைப்பு மட்டும் வந்திருந்தால், ஆசிரியரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். சனிக்கிழமை ஒரு தடவை கப்பன் பூங்கா நூலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

நம் சங்கத்துப் பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். ஐம்பது, அறுபது வருஷமாக இந்த ஊரில் இருப்பவர்கள் நம்மில் பலர். ஆலையில், ரயில்வேயில், ராணுவத்தில், தங்கவயலில் வேலை செய்தவர்கள். எந்தத் தெருவில் எந்தக் கிணறு இருந்தது, காவிரி வந்த அன்று குழாயடியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றால், “எனக்கென்ன தெரியும், போய் கூகுள்ல பாரு” என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்துச் சொல்லுங்கள். வருஷம் சரியாக நினைவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் பெயரைக் கீழே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் இல்லாதது எல்லாம் தப்பா என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு இன்று முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. பார்த்தால், “தப்பில்லைம்மா, நீதான் சரியாச் செஞ்சே, மார்க் போட்டதுதான் தப்பு” என்று சொல்லவேண்டும். அதுவரை அவளுக்குச் சொல்ல வேண்டியதை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.